உன் ஊர்க்காரர்கள் உன்னை ஏன் விரட்டினார்கள்

மேல்புறம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ரப்பர் பால் வெட்டு நின்றுபோனது, கரண்டும் வந்து வந்து போனது. இன்றுதான் உட்கார முடிந்தது.

முதலில் வீட்டு விஷயம். போன வாரம் மார்த்தாண்டம் சந்தையில் உன் அம்மையைப் பார்த்தேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு முகம் தெளிந்திருக்கிறது. ஏத்தன்குலைக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். வியாபாரி சொன்ன விலையை அவர்கள் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. "சாப்பிட்டியாண்ணு மட்டும் கேப்பான், பொறவு வச்சிருவான்" என்று உன்னைப் பற்றிச் சொன்னார்கள். மஸ்கட்டில் வெள்ளிக்கிழமை லீவுதானே, அன்றைக்காவது கொஞ்சம் கூடப் பேசு.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ஃப்ராஸ்ட்பங்க் என்ற, பனியில் ஒரு ஊரைக் காப்பாற்றும் கம்ப்யூட்டர் ஆட்டத்தை விளையாடத் தொடங்கியதாகவும், பாதி ஆட்டத்திலேயே மக்கள் உன்னைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டதாகவும் எழுதியிருந்தாய். "கரி இருந்தது, சோறு இருந்தது, என்ன குறை வைத்தேன்?" என்று கேட்டிருந்தாய். இதே கேள்வியோடு நான் ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். குறை கரியில் இல்லை, சோற்றிலும் இல்லை. ஊருக்கு நீ என்ன சொன்னாய், எப்போது சொன்னாய் என்பதில் இருக்கிறது.

டேலி படிக்கிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு, மார்த்தாண்டத்தில் அந்தக் கம்ப்யூட்டர் சென்டரில் ஊர் கட்டும் ஆட்டமான சிம்சிட்டி 3000 விளையாடினோமே, நினைவிருக்கிறதா? நான் ரோடு போடுவேன், நீ காசுக் கணக்கைப் பார்ப்பாய். திரையின் அடியில் செய்தி வரி வரியாக ஓடிக்கொண்டே இருக்கும். ரெண்டு பேருமே அதைப் படிக்கவில்லை. அதற்கு முந்தைய சிம்சிட்டி 2000-ல் முழுப் பத்திரிகையே உண்டு. பின்னால் 2015-ல் வந்த சிட்டீஸ் ஸ்கைலைன்ஸில் ஒரு நீலக்குருவி வந்து, தண்ணீர் வரவில்லை, குப்பை அள்ளவில்லை என்று ஊர்க்காரர்கள் சொல்வதைக் கொண்டுவந்து போடும். தொல்லை என்று அதை மூடி வைத்தவர்கள் நிறையப் பேர். இந்த ஆட்டங்களிலெல்லாம் செய்தி ஊரிலிருந்து மேயரான உனக்கு வரும். கேட்பது மட்டும்தான் உன் வேலை.

ட்ராப்பிகோ என்ற ஆட்டத்தில் அது திரும்பிவிடும். தீவின் தலைவர் நீ. பத்திரிகை அலுவலகம், வானொலி நிலையம், டிவி எல்லாம் நீயே கட்டுவது. அதில் வேலை செய்யப் படித்த ஆள் வேண்டும், ஆகவே பள்ளிக்கூடம் முதலில், பத்திரிகை அப்புறம். ஒரு வாத்தியாராக அந்த வரிசை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அங்கே எந்த ஊடகமும் தீவு முழுக்க எட்டாது, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்றுவட்டம் உண்டு. அதைப் பார்த்தபோது எனக்கு நாகர்கோவில் வானொலி ஞாபகம் வந்தது. 1984-ல் தொடங்கியது, நாட்டிலேயே முதல் உள்ளூர் வானொலி நிலையம் அதுதான். எங்கள் பாட்டா ரேடியோவைத் திண்ணையில் தெற்குப் பார்த்துத் திருப்பி வைப்பார், அப்போதுதான் இரைச்சல் அடங்கும். அடுக்களையில் வைத்தால் ஒன்றும் கேட்காது. எட்டுகிற இடத்தில் இருப்பவனுக்குத்தான் செய்தி என்பது நமக்குச் சின்ன வயதிலேயே தெரிந்த விஷயம்.

ட்ராப்பிகோவின் பிந்தைய பாகங்களில் தேர்தல் வந்தால் நீ மேடையேறிப் பேச வேண்டும். எந்தக் குறையை ஒப்புக்கொள்கிறாய், யாரைப் புகழ்கிறாய், பழியை யார்மேல் போடுகிறாய், என்ன வாக்குக் கொடுக்கிறாய் என்று வரிசையாகக் கேட்கும். புகழ்வதும் பழிபோடுவதும் சுலபம். தீவில் எது உண்மையாகவே மோசமாக இருக்கிறது என்று பார்த்து அதை வாய்விட்டுச் சொல்வதும், செய்யக்கூடியதை மட்டும் வாக்காகக் கொடுப்பதும்தான் கஷ்டம். கொடுத்த வாக்கை அடுத்த தேர்தல்வரை தீவு மறக்காது.

இனி உன் ஆட்டம். ஃப்ராஸ்ட்பங்கில் பத்திரிகையே கிடையாது. 80 பேர், ஒரு பனிப் பள்ளம், நடுவில் கரி தின்று சூடு தரும் ஜெனரேட்டர். திரையடியில் நம்பிக்கைக்கு ஒரு கோடு, அதிருப்திக்கு ஒரு கோடு. நீ கரிக் கணக்கைப் பார்த்துக்கொண்டு இந்த இரண்டையும் விட்டுவிட்டாய் என்று நினைக்கிறேன், அன்றைக்குச் சிம்சிட்டியில் செய்தி வரியை விட்டது போல. மக்கள் கூட்டமாக வந்து, வீட்டில் குளிர் தாங்கவில்லை, சூடு ஏற்றித் தா என்பார்கள். ஏற்கலாம், மறுக்கலாம். ஏற்றால் கெடு உண்டு. மறுத்தால் அன்றைக்கு முகம் சுளிப்பார்கள், அவ்வளவுதான். ஏற்றுவிட்டுக் கெடு தாண்டினால் நம்பிக்கை சரிகிற சரிவு இருக்கிறதே, அதை ஈடுகட்டப் பல நாள் ஆகும். நீ எத்தனை வாக்குக் கொடுத்தாய், எத்தனை நிறைவேறியது என்று ஒரு தாளில் எழுதிப் பார். நான் எழுதிப் பார்த்தேன். கொடுத்தது ஏழு, நடந்தது மூன்று.

அப்புறம் அந்த வின்டர்ஹோம் செய்தி. பக்கத்தில் இன்னொரு ஊர் இருக்கிறது என்ற தைரியத்தில் எல்லோரும் இருக்கும்போது, தேடிப் போனவர்கள் அந்த ஊர் அழிந்து கிடப்பதைப் பார்ப்பார்கள். அதோடு நம்பிக்கைக் கோடு பாதாளத்துக்குப் போகும். லண்டனுக்கே திரும்பிப் போவோம் என்று ஒரு கூட்டம் கிளம்பும், சுவரில் எழுதும், ஆள் சேர்க்கும். அந்த நேரத்தில் ஆட்டம் உன் முன்னால் இரண்டு வழி வைக்கும், ஒழுங்கு அல்லது இறைநம்பிக்கை. நான் முதல் தடவை ஒழுங்கைப் பிடித்தேன். காவல் நிலையம், காலைக் கூட்டம், பிரச்சார நிலையம் என்று ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டேன். கோடு ஏறியது. அது ஏறுவதைப் பார்க்கப் பார்க்க, ஊர் நன்றாக இருக்கிறது என்றே நம்பிவிட்டேன்.

மகள் பக்கத்தில் இருந்தாள். தெருவில் பனியை மிதித்துப் போகும் ஒரு ஆள்மேல் மவுஸை வைத்து அழுத்தினாள். பெயர் வந்தது. "அப்பா, இந்த ஆளுக்க வீட்ல சூடு உண்டா?" என்று கேட்டாள். வெப்பநிலை காட்டும் பொத்தானைத் தட்டினேன். ஜெனரேட்டரைச் சுற்றி ஒரு வட்டம்தான் இளஞ்சூட்டில் இருந்தது, வெளிவரிசை வீடுகள் எல்லாம் நீலம். நம்பிக்கைக் கோடோ முக்கால்வாசிக்கு மேல் நிற்கிறது. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது மக்கா. அந்த வழியில் கடைசிச் சட்டம் வரை போனால் நம்பிக்கைக் கோடே எடுபட்டு, அந்த இடத்தில் கீழ்ப்படிதல் வந்து உட்காரும். அதன்பிறகு நம்பிக்கை இல்லை என்று உன்னை யாரும் இறக்க முடியாது. பிழைத்துக்கொண்டாலும், இவ்வளவுக்கும் இது தகுமா என்று ஆட்டமே கடைசியில் கேட்கும். அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை.

தூக்கம் வராததற்குக் காரணம் வேறு. 2017 நவம்பர் 30. ஒக்கி புயல். நீ அங்கிருந்து நாளுக்கு நாலு தடவை போன் பண்ணினாய். நம் கடற்கரையில் தூத்தூர் பக்கத்து மீன்பிடிப் படகுகள் நாள் கணக்கில் ஆழ்கடலில் தங்குபவை, கரையின் வயர்லெஸ் எட்டாத தூரத்தில் இருந்தன. எச்சரிக்கை வந்தது, அவர்களைப் போய்ச் சேரவில்லை. பள்ளிக்கூடம் திறக்கவில்லை என்றாலும் நான் தினமும் போனேன், என் வகுப்புப் பிள்ளைகளின் அப்பாமார் பாதிப் பேர் கடலில். கோயில் முற்றத்தில் ஒரு பலகை வைத்து, வெள்ளைத்தாள் ஒட்டி, போனவர்கள் பெயரைப் படகு படகாக எழுதியிருந்தார்கள். கரை சேர்ந்ததாகத் தகவல் வந்தால் பெயருக்கு நேரே நீல மையில் ஒரு கோடு, பக்கத்தில் இடம்: லட்சத்தீவு, ரத்னகிரி என்று. டிவியில் சேனலுக்கு ஒரு எண்ணிக்கை ஓடியது. அதை ஏறிட்டுப் பார்க்க ஆளில்லை. ஊர் முழுக்க அந்தப் பலகையைச் சுற்றித்தான் நின்றது.

பேனா வைத்திருந்தவன் ஒரு கல்லூரிப் பையன். யாராவது ஓடிவந்து "அந்தப் படகு கரை ஏறியாச்சாம்" என்றால், "ஆரு பேசினா?" என்று கேட்பான். வீட்டிலுள்ள யாராவது குரலை நேரடியாகக் கேட்டிருந்தால்தான் கோடு போடுவான். எத்தனை பேர் கெஞ்சினாலும் சரி, ஒரு கிழவி காலைப் பிடித்தும் அவன் போடவில்லை, அவளோடு சேர்ந்து அழுதான். அதனால்தான் அவன் போட்ட கோட்டை ஊர் நம்பியது. எட்டாம் வகுப்பு 'பி' பிரிவுப் பையன் ஒருவனின் அப்பா பெயருக்கு நேரே கடைசிவரை கோடு விழவில்லை.

விளையாட்டையும் அந்த நாட்களையும் நான் ஒன்றாக வைக்கவில்லை, உனக்குத் தெரியும். ஆனால் அந்த இரவுக்குப் பிறகு என் ஆட்டம் மாறிவிட்டது, அதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புதிதாகத் தொடங்கினேன். கூட்டம் வந்து சூடு கேட்டபோது முதலில் கரிக் குவியலை எண்ணினேன், போதாது என்று தெரிந்ததும் மறுத்தேன். அதிருப்தி ஏறியது. பொறுத்துக்கொண்டேன். இரண்டாவது கரிச் சுரங்கம் ஓடத் தொடங்கிய பிறகு கேட்டபோது ஏற்றேன், கெடுவுக்கு ஒரு நாள் முன்னாலேயே முடித்தேன். அந்த ஒன்றில் கிடைத்த நம்பிக்கை, வின்டர்ஹோம் செய்தி வந்த அன்று ஊரைத் தாங்கிப் பிடித்தது. லண்டன் கூட்டம் அப்போதும் கிளம்பத்தான் செய்தது. ஆனால் சிறிய கூட்டம், நாளுக்கு நாள் ஆள் குறைந்தது. காலைக் கூட்டத்தோடு நிறுத்திக்கொண்டேன், பிரச்சார நிலையம் தேவைப்படவே இல்லை. ஆட்டத்தின் கடைசியில் வரும் பெரும்புயலில் சிலரை இழந்தேன். அந்தப் பெயர்களை மகள் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.

நீ மறுபடி தொடங்கும்போது, முதல் வாரத்தில் ஒரு வாக்காவது கொடு. அது சின்னதாக இருக்கட்டும், கூடாரம் இல்லாதவனுக்குக் கூடாரம் என்கிற அளவுக்கு. அதை முடித்துக் காட்டு. நிலைமை நன்றாக இருக்கும்போது சேர்த்த நம்பிக்கைதான் கெட்ட செய்தி வரும் நாளில் கைகொடுக்கும், அன்றைக்குப் போய்ப் புதிதாகச் சேர்க்க முடியாது. வேலை நேரத்தை நீட்டும் சட்டத்தைத் தொடாதே என்று சொல்லமாட்டேன், ஆனால் கேட்டு வந்த கூட்டத்தை மறுத்த அன்றே அதில் கையெழுத்துப் போடாதே. 2024-ல் இதன் இரண்டாம் பாகம் வந்துவிட்டது. அதில் 100 பேர் கொண்ட மன்றம் உண்டு, சட்டம் நிறைவேற அவர்கள் ஓட்டு வேண்டும், ஓட்டுக்காக அங்குள்ள கூட்டங்களுக்கு வாக்குக் கொடுத்துப் பேரம் பேசலாம். நான் இன்னும் தொடங்கவில்லை. நீ லீவுக்கு வரும்போது சேர்ந்து தொடங்கலாம் என்று வைத்திருக்கிறேன். இந்தத் தடவையும் ரோடு எனக்கு.

அடுத்த மாதம் நம் பக்கத்து ஆள் ஒருவர் மஸ்கட் வருகிறார். உன் அம்மை ஏத்தங்காய் வத்தல் கொடுத்து விடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எண்ணெய் புதுசு, நானே ஆட்டிக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கிடைத்ததும் அவர்களைக் கூப்பிட்டு எப்படி இருந்தது என்று சொல்லு. உன் 80 பேரில் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று எனக்கு எழுது.

உன்,
கடைசி பெஞ்சுக் கூட்டாளி