பதிவேட்டில் கையெழுத்து மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் பள்ளிக்குச் சமூகப்பணி மாணவி ஒருவர் களப்பயிற்சிக்கு வந்திருந்தார். விளையாட்டுச் சாமான் அறையில் ஸ்டூல் போட்டு, பிள்ளைகளிடம் பேசச் சொன்னோம். ஒருநாள் எட்டாம் வகுப்புப் பிள்ளை, உறவினர் ஒருவர் தவறாகத் தொடுவதைச் சொல்லி அழுதிருக்கிறது. யாரிடம் சொல்வதென்று தெரியாமல் அந்தப் பயிற்சி மாணவி இரண்டு நாள் மனசுக்குள்ளேயே வைத்துத் தவித்தார். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி, இதுபற்றிப் போலீசுக்குத் தகவல் கொடுப்பது கட்டாயம். அதை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. கல்லூரி மேற்பார்வையாளரோ அடுத்த வாரம் வந்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பஸ் பிடிக்கக் கிளம்பிவிட்டார்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாரம் ஒருமணி நேரமாவது கூட உட்கார்ந்து கேட்க, அனுபவமுள்ள ஆலோசகர் ஒருவர் வேண்டும். அவசரத்துக்கு அவர் எண்ணும் கையில் இருக்க வேண்டும். பல்கலைக்கழகங்கள் இதை விதியாக்கட்டும்.

– அரசுப் பள்ளி ஆசிரியை, மதுரை