உறையின் முதுகில் கணக்குப் போட்டுக் கொடுத்த அக்காவுக்கு நன்றி

பேர்கூடச் சொல்லாமல் போய்விட்டீர்கள் அக்கா. மதுரை ஜில்லா கோர்ட்டு வராந்தாவில், வாடகைப் பாக்கி கேட்டு வீட்டுக்காரர் அனுப்பிய நோட்டீஸ் வந்த உறையின் முதுகிலேயே பால்பாயிண்ட் பேனாவால் மாதவாரியாகப் பாக்கியை எழுதிக் கூட்டிக் கொடுத்தீர்கள். மனசு நிறைந்த நன்றி.

நீங்கள் சொன்னதை மற்றவர்களுக்காக இங்கே போடுகிறோம். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, இரண்டு மாதப் பாக்கி என்றதுமே வீடு போய்விடாது. பாக்கி கேட்டு நோட்டீஸ் கைக்கு வந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழுசாகக் கட்டிவிட வேண்டும். இந்த ‘முழுசாக’வில்தான் பலர் சறுக்குகிறார்கள். பாதியைக் கொடுத்துவிட்டு, “மீதியை அட்வான்ஸில் கழிச்சுக்கோங்க” என்று வாயால் சொன்னால் போதாது. வீட்டுக்காரர் எழுதிக் கொடுக்காதவரை அது பாக்கிதான் என்று வையுங்கள்.

வாடகையை வாங்க மறுத்தால் மணியார்டர். தொடர்ந்து இரண்டு மாதம் திரும்பினால் வாடகை அதிகாரியிடம் டெபாசிட். திரும்பிய சீட்டு, தபால் முத்திரை உள்ள உறை, இரண்டையும் பத்திரப்படுத்துங்கள்.

வாய்தாவை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆள் போகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி ஆகிவிடும், அதாவது உங்களைக் கேட்காமலே தீர்ப்பு வந்துவிடும். வக்கீலுக்கு வழியில்லையா? சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. போன் 15100.