உபரி வெள்ளத்தை மேட்டுக் கண்மாய்களுக்கு ஏற்றும் நீரேற்று நிலையம் அமைக்கக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
கண்மாய்ப் பாசன விவசாயிகள்,
இராமநாதபுரம் வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
இராமநாதபுரம்.

பொருள்: வைகை உபரி நீரை மேட்டுக் கண்மாய்களுக்கு ஏற்ற நீரேற்று நிலையம் அமைத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

வணக்கம். வடகிழக்குப் பருவமழையில் வைகை நிறைந்து வரும் ஆண்டுகளில், பார்த்திபனூர் மதகணை வழியாக வந்து இராமநாதபுரம் பெரிய கண்மாய் பெருகியபின் மிஞ்சும் நீர் ஆற்றங்கரை என்ற ஊர்ப் பக்கம் கடலில் கலக்கிறது. அதே வாரங்களில் மேட்டுக் கண்மாய்கள் பல காய்ந்தே கிடக்கின்றன. வரத்துக் கால்வாயைத் தூர்வாரினாலும் தண்ணீர் மேடேறாது. ஆகவே ஏற்றித்தான் தர வேண்டும்.

விநாடிக்கு 2 கனமீட்டர், அதாவது சுமார் 70 கன அடி ஏற்றினால், நாளுக்கு 60 லட்சம் கன அடி கிடைக்கும். இதற்கு அரை கனமீட்டர் பம்புகள் நான்கும், மாற்றுக்கு ஒன்றும் தேவை. 4 மீட்டர் ஏற்றம், 1200 மி.மீ. எஃகுக் குழாய், 3 கி.மீ. தூரம் என்று வைத்தால் உராய்வே 6 மீட்டரை விழுங்கும். இதர இழப்புகளும் சேர்ந்து மொத்தம் 11 மீட்டருக்குப் பம்பு ஒன்றுக்கு 90 கிலோவாட் மோட்டார் போதும். மட்ட அளவை முடிந்தபின் இந்த எண்கள் மாறலாம்.

நிலையம் தவறுவது பெரும்பாலும் பம்பில் அல்ல, உறிஞ்சு தொட்டியில். பம்பின் வாய் 60 செ.மீ. என்றால், அதற்கு மேல் குறைந்தது 1.6 மீட்டர் நீர் நிற்க வேண்டும். வாய்க்கும் தரைக்கும் 30 செ.மீ. இடைவெளி வேண்டும். பம்புக்கு ஒரு தனி அறை, 1.2 மீட்டர் அகலத்தில் வேண்டும். இவை குறைந்தால் சுழி விழும், காற்று இழுக்கும், தண்டு அதிரும், பேரிங் போகும். ஆகாயத்தாமரையும் சீமைக்கருவேலச் சுள்ளியும் வெள்ளத்தோடு வரும் என்பதால், சல்லடைக் கம்பிகளை வாரும் இயந்திரம் கட்டாயம். ஆளிறங்கி வாருவது வெள்ள நேரத்தில் உயிருக்கு ஆபத்து.

உறிஞ்சுமிடம் பெரிய கண்மாயின் உபரி நீர் வழியும் கலுங்குக்குக் கீழே, உவர்நீர் ஏறும் எல்லைக்கு மேலே அமைய வேண்டும். அங்கே நீரின் உப்பளவைத் தொடர்ந்து காட்டும் கருவி வைத்து, வரம்பு மீறினால் பம்பு தானாக நிற்க வேண்டும். உவர்நீரைக் கண்மாயில் விட்டால் வயலும் கெடும், கிணறும் கெடும். கடற்காற்றுக்கும் உவர் மண்ணுக்கும் ஏற்ற சிமெண்டு, துருப்பிடிக்காத எஃகுத் தண்டு, குழாய்க்கு உள்ளும் புறமும் பூச்சு ஆகியவற்றை ஒப்பந்தப்புள்ளியிலேயே குறிப்பிட வேண்டும். விலை குறைவு என்று சாதாரண இரும்பை ஏற்க வேண்டாம்.

புயல் நேரத்தில் மின்சாரம் திடீரென நிற்கும். ஓடும் நீர் நிற்காது. முதலில் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி மெல்லிய குழாய் உள்ளே நசுங்கும். பிரிந்த நீர் திரும்பி வந்து மோதும்போது வால்வு உடையும். மேட்டுப் புள்ளிகளில் ஏர் வால்வு, மெதுவாக மூடும் நான்-ரிட்டர்ன் வால்வு, அழுத்தம் தணிக்கும் கலன் ஆகிய மூன்றையும் கணக்கிட்டு வைக்க வேண்டும். மோட்டார் தளமும் பேனலும் பதிவான உச்ச வெள்ள மட்டத்துக்கு ஒரு மீட்டராவது மேலே இருக்கட்டும். தனி 11 கே.வி. மின்பாதையும், இரண்டு பம்புகளையாவது ஓட்டும் ஜெனரேட்டரும் வேண்டும்.

ஆண்டில் சில வாரங்களே ஓடும் நிலையம் இது. சும்மா நிற்கும் மாதங்களில்தான் மோட்டார் சுற்று ஈரம் இழுத்துப் பழுதாகும். அப்போது மோட்டாரின் வெப்பமூட்டியை எப்போதும் எரிய விட்டு, மாதந்தோறும் மெக்கர் (மின்காப்பைச் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்த்து, தண்டைக் கையால் சுற்ற வேண்டும். புரட்டாசிக்குள் தொட்டியில் வண்டல் அள்ளி, நீர் விட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். எனவே பராமரிப்பு ஆட்கள், உதிரி பாகங்கள், மின்கட்டணம் ஆகியவற்றுக்கு ஐந்தாண்டு நிதியை மதிப்பீட்டிலேயே சேர்க்க வேண்டுகிறோம். இதைச் சேர்க்காத மதிப்பீட்டுக்கு ஒப்புதல் தர வேண்டாம் என்பதே எங்கள் முதன்மையான கோரிக்கை.

நீர்வளத்துறையைக் கொண்டு மட்ட அளவையும் மண் பரிசோதனையும் வரும் பருவமழைக்கு முன் செய்யவும், மேட்டுக் கண்மாய்ப் பாசனதாரர்களைக் கலந்து விரிவான திட்ட அறிக்கை தயாரிக்கவும் ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கண்மாய்ப் பாசன விவசாயிகள்