முட்டியில் நீர் எங்கே கோத்திருக்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

முழங்கால் வலி பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். தேய்மானம், ஜவ்வு கிழிவது, ஆபரேஷன் எல்லாம் விரிவாக இருந்தன. முட்டியைச் சுற்றியுள்ள நீர்ப்பைகளைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில் எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது. முட்டி வீங்கி வருகிறவர்கள் எல்லோரும் ‘நீர் கோத்துக்கிச்சு’ என்றுதான் சொல்வார்கள். அது எந்த இடத்தில் கோத்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் வைத்தியமே.

ஒரு முழங்காலைச் சுற்றி, பர்சா எனப்படும் இந்த நீர்ப்பைகள் பத்துக்கும் மேல் உண்டு. தோலோ தசைநாணோ எலும்பில் உரசாமல் வழுக்கிப் போவதற்காக இருப்பவை. சாதாரணமாக உள்ளே துளியளவு திரவம்தான், தொட்டால்கூடத் தெரியாது.

டைல்ஸ் ஒட்டுகிறவர்களின் முட்டியைப் பாருங்கள். நாளெல்லாம் மண்டியிட்டே வேலை. முட்டிச் சில்லின் மேல் தோல் தடித்துக் கறுத்திருக்கும். சிலருக்கு அங்கேயே கோழிமுட்டை போல வீங்கியிருக்கும். காலை நீட்டச் சொன்னால் பெரும்பாலும் நன்றாகவே நீட்டுவார்கள். வீங்கியிருப்பது சில்லுக்கும் தோலுக்கும் நடுவே உள்ள பை, அதற்கும் மூட்டுக்கும் தொடர்பில்லை. இவர்களிடம் தேய்மானம் என்று சொல்லிப் பயமுறுத்துவது அநியாயம். மண்டியிடுவதைக் குறைத்து, முட்டிக்கு மெத்தை கட்டிக்கொண்டாலே பலருக்கு வற்றிவிடும். ஆனால் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் சீழ் பிடித்திருக்கலாம். அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

சில்லுக்கு மேலே, தொடைத்தசைக்கு அடியில் உள்ள பை வேறு மாதிரி. பெரும்பாலோருக்கு அது மூட்டோடு சேர்ந்தே இருக்கும், அதனால் அங்கே வீங்கினால் கோளாறு மூட்டுக்குள் என்று அர்த்தம். முட்டியின் பின்குழியில் வரும் பேக்கர் கட்டியும் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் அப்படித்தான். 1877-இல் இதை விவரித்து எழுதிய ஆங்கிலேய அறுவை மருத்துவர் பேக்கரே மூட்டு நோயோடு இதைச் சேர்த்துத்தான் பேசினார். இந்தக் கட்டி வெடித்துக் கெண்டைக்கால் வீங்கினால், காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்தது போலவே தோன்றும். ஸ்கேன் பார்க்காமல் விடக்கூடாது.

அப்புறம், முட்டியின் உட்பக்கம், மூட்டுக்குச் சற்றுக் கீழே ஒரு பை. படியேறும்போது அங்கே வலிக்கிறது என்று வரும் பெண்கள் நிறைய. எக்ஸ்ரேயில் வயதுக்கேற்ற தேய்மானம் தெரிந்ததும் பழி முழுக்க அதன்மேல் போய்விடுகிறது. வலிக்கிற இடத்தை ஒரு விரலால் அழுத்திப் பார்ப்பாரில்லை.

அடுத்த இதழில் முழங்காலின் பக்கவாட்டுப் படம் ஒன்று போட்டு, இந்தப் பைகளையும் குறித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

– பிசியோதெரபிஸ்ட் வாசகர், தஞ்சாவூர்