சின்ன பில்லும் அட்டைக் கட்டணமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அட்டை வேண்டாம், ரொக்கம் கொடுங்கள் என்று சொல்லும் சிறு கடைக்காரரைப் பலரும் வரி ஏய்ப்பவராகவே பார்க்கிறார்கள். அவர் கணக்கையும் கொஞ்சம் பார்க்கலாமே. அட்டையைத் தேய்க்கும்போது பெரும்பாலும் அட்டை கொடுத்த வங்கி, அட்டை நிறுவனம், கடைக்காரரின் வங்கி என்று மூவருக்கும் பில் தொகையிலிருந்து பங்கு போகிறது. பல இடங்களில் சதவீதத்தோடு ஒரு நிலையான தொகையும் சேரும். சின்ன பில்லில் லாபத்தைத் தின்பது அதுதான். இயந்திர வாடகை வேறு. பணம் கணக்கில் ஏற ஓரிரு நாளாகலாம்.

சரி, ரொக்கம் மட்டும் இலவசமா? இரவில் கல்லாவை எண்ணி, கள்ளநோட்டு பார்த்து, மறுநாள் வங்கி வரிசையில் நிற்கும் நேரத்துக்கு யாரும் ரசீது தருவதில்லை.

பெரிய கடைகள் பேரம் பேசிக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்கின்றன. சிறிய தொகைகளுக்காவது அந்த நிலையான கட்டணத்தை வங்கிகள் கைவிட வேண்டும்.

– ஒரு வாசகர்