தரைவீட்டு விதிகளைத் தமிழிலும் தரக் கோரும் மனு

அனுப்புநர்: தரைவீட்டில் (அடுக்குமாடி அல்லாமல் தனி மனையில் கட்டிய வீட்டில்) வசிக்கும் குடும்பத்தின் மகள், சிங்கப்பூர்.

பெறுநர்: தலைமை நிர்வாக அதிகாரி, நகர மறுசீரமைப்பு ஆணையம், சிங்கப்பூர்.

பொருள்: தரைவீட்டுத் திட்ட விதிகளைப் படங்களுடன் தமிழில் வெளியிட வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். என் அப்பாவுக்கு 74 வயது. தேக்காவில் மளிகைக் கடை நடத்திச் சேர்த்த காசில் வாங்கிய பழைய பங்களாவை இடித்துவிட்டு, எனக்கொன்று தம்பிக்கொன்று என இரண்டு செமி-டி வீடுகள் (ஒரு பொதுச்சுவரால் ஒட்டி நிற்கும் இரட்டை வீடுகள்) கட்ட ஆசைப்பட்டார். மனை 390 சதுர மீட்டர். "தாராளமாகக் கட்டலாம்" என்று சொன்ன கட்டுமானக் குத்தகையாளர் முன்பணமும் வாங்கிக்கொண்டார்.

அப்புறம் ஒரு கட்டடக் கலைஞரைப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. செமி-டி மனை ஒவ்வொன்றும் குறைந்தது 200 சதுர மீட்டரும் 8 மீட்டர் அகலமும் இருக்க வேண்டுமாம். அகலம் இருந்தது. பரப்பில் ஆளுக்கு 5 சதுர மீட்டர் குறைந்தது. அன்று சாயங்காலம் அப்பா அளவு நாடாவோடு வேலியோரம் திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருந்தார். ரம்புத்தான் மரத்தடியில் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன்.

விதியில் குறை சொல்ல வரவில்லை. இடநெருக்கடி உள்ள தீவில் அளவு வேண்டும்தான். ஆனால் வரிசையின் நடுவே உள்ள டெரஸ் வீட்டுக்கு 150 சதுர மீட்டர், ஓரத்து டெரஸுக்கு 200, தனி பங்களாவுக்கு 400, நாசிம் ரோடு போன்ற உயர்தர பங்களா வட்டாரங்களில் 1,400 என்று வீட்டுக்கு வீடு கணக்கு மாறுகிறது. எங்கள் கைக்குக் கிடைத்த விளக்கமெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. அப்பா தமிழ் மட்டுமே படிப்பார்.

மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. விதியில் இரண்டு தள வீடு என்றால் தரைத்தளமும் சேர்த்துத்தான் இரண்டு. அப்பாவோ "இரண்டு மாடி" என்றதும் தரைக்கு மேல் இரண்டு என்று எடுத்துக்கொண்டார். இரண்டு தளப் பகுதியில் உயர வரம்பு 12 மீட்டர், மூன்று தளப் பகுதியில் 15.5 மீட்டர். ஒரு சொல் பிசகினால் வரைபடமே பிசகிவிடும்.

ஆகவே, வீட்டு வகை, மனை அளவு, உயரம், எல்லையிலிருந்து விட வேண்டிய இடம் ஆகியவற்றைப் படத்தோடு சொல்லும் சிறு தமிழ்க் கையேட்டை வெளியிடுமாறும், அச்சுக்கு முன் அதை என் அப்பாவைப் போன்ற மூத்தவர்கள் சிலரிடம் படித்துக்காட்டுமாறும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அது கையில் கிடைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள மனுதாரர்