பேராசிரியர்களைக் கொன்ற இரவு

ஆசிரியருக்கு வணக்கம்.

நிகரகுவாவில் மனாகுவா நகரின் மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகத்தை 2023 ஆகஸ்ட்டில் அரசு பறித்துக்கொண்டதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை. இயேசு சபையினர் 1960ல் தொடங்கிய கல்லூரி அது. அரசை எதிர்த்து நடந்த 2018 போராட்டத்தின்போது அடிபட்டு ஓடிவந்த மாணவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. அதற்குக் கிடைத்த பட்டம் 'பயங்கரவாத மையம்'.

அதே மத்திய அமெரிக்காவிலுள்ள எல் சால்வடார் நாட்டில் இதே பெயரிலுள்ள பல்கலைக்கழகத்துக்கு நடந்தது இதைவிடக் கொடுமை. 1989 நவம்பர் 16 அதிகாலை, ராணுவத்தினர் வளாகத்துக்குள் நுழைந்து, உள்நாட்டுப் போரைப் பேசித் தீர்க்கலாம் என்று விடாமல் சொல்லிவந்த துணைவேந்தர் இக்னாசியோ எல்லகுரியா, மக்களின் கருத்தைக் கணக்கெடுத்து வெளியிட்ட உளவியலாளர் மார்ட்டின் பாரோ உள்பட ஆறு பாதிரியார்களையும், அன்றிரவு அங்கே தங்கியிருந்த சமையல்காரப் பெண்ணையும் அவருடைய சின்ன மகளையும் சுட்டுக் கொன்றார்கள். அந்தச் சிறுமி என்ன ஆய்வு செய்தாள்?

முன்னாள் கர்னல் ஒருவருக்கு ஸ்பெயின் நீதிமன்றம் 133 ஆண்டு சிறை விதித்தது 2020ல்தான். சரி, அதுவாவது நடந்தது. ஆனால் முப்பது வருடம் காத்திருக்க வேண்டியிருந்ததே!

'மதப் பல்கலைக்கழகம்தானே, அங்கே என்ன சுதந்திரம்' என்று சொல்பவர்கள் இந்த எட்டுப் பேரைப் பற்றி ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். மனாகுவாவில் வேலையிழந்த ஆசிரியர்களுக்காக மற்ற நாட்டுப் பல்கலைக்கழகங்கள் இன்னும் உரக்கக் குரல் கொடுக்க வேண்டும், அவர்களுக்கு இடமும் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்